பதினைந்தாம் நாள்

இருபத்தெட்டாயிரத்தைப் பதினாலால் பிரித்தேன்.
நாளுக்கு இரண்டாயிரம்.
அதை இருபத்து நாலால் பிரித்தேன்.
மணிக்கு எண்பத்து மூன்று ரூபாய், சில சதம்.

குவாரி வீதியில் குழாயும் வால்வும் விற்கும் கடையில்
பதினொரு வருசமாய்க் கணக்கெழுதுகிறவள் நான்.
கல்குலேட்டர் கையில் இருந்தால்
எதையும் பிரிக்காமல் விடமாட்டேன்.
எட்டு மணி உறக்கம், அறுநூற்று அறுபத்து நாலு.
நூறாம் நம்பர் பஸ்ஸில்
வெள்ளவத்தையிலிருந்து புறக்கோட்டை வரை
கம்பியைப் பிடித்து நிற்கிற முக்கால் மணி,
அறுபத்திரண்டு.
டிக்கட் தனி.

இடது கையின் பின்சதையில் வெள்ளை வட்டம்,
தோலுக்குள் மயிரளவு இழை.
"அக்கா, அது என்ன?" கடைப் பொடியன் கேட்டான்.
மீற்றர் என்றேன்.
"ஓட்டோவில இருக்கிற மாதிரியா?"
அதே மாதிரித்தான்.
நின்றாலும் ஓடும்.

முதன்முதல் ஒட்டிய கிழமை
போனை விட்டுக் கண்ணெடுக்கவில்லை.
மத்தியானச் சோற்றுப் பார்சலுக்குப் பிறகு கோடு
கொம்பனித்தெருவின் புது மாடிகள்போல நிமிர்ந்தது.
மாத முடிவில் பேரேடு பொருந்தாமல்
முதலாளி கத்திய பகல்,
பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை நான்,
அன்றைக்கும் ஏறியது.
இருபத்தாறு வருசம் இந்த உடம்பு
பின்கதவால் நடத்திய வியாபாரத்தை
அன்றுதான் எழுத்தில் பார்த்தேன்.
பார்த்தபிறகு
பார்க்காமல் இருப்பது கஷ்டம்.

போன முறை பம்பலப்பிட்டியில்
ஒரு பள்ளிப் பிள்ளையின் பை உரசி
ஒன்பதாம் நாளே கழன்று
மிதிபலகைக்கும் தெருவுக்கும் நடுவில் போயிற்று.
ஏதும் விழுந்ததா என்று
கொண்டக்டர் சிங்களத்தில் கேட்டான்.
பத்தாயிரம் என்று சொல்கிற அளவுக்குச்
சிங்களம் எனக்குத் தெரியும்.
ஒன்றுமில்லை என்றேன்.

"டொலர் இறங்கினா இதுவும் இறங்கும் மிஸ்,"
மருந்துக்கடை நளீம் சொல்கிறார்.
மூன்று வருசமாய்ச் சொல்கிறார், பாவம்.
ஸ்காபரோவிலிருந்து வதனி மச்சாள்
யாரோ ஒருவரின் பயணப்பெட்டியில்,
சொக்லேட்டுக்கும் சேலைக்கும் இடையில்,
இரண்டு அனுப்பினாள்.
திகதி முடிய ஒன்பது நாள்.
சொக்லேட்டை மகள் சாப்பிட்டாள்.

ஆகவே பதினாலு நாள் பார்வை,
பதினாலு நாள் குருடு.
குருட்டு நாட்களில் விரலைக் குத்துகிறேன்,
காலையில் ஒன்று, இரவில் ஒன்று.
நாலு குத்தச் சொன்னார் டொக்டர்.
அந்த மற்ற இரண்டும்
லக்சனாவின் கணித வகுப்புக் காசில் போய்ச் சேர்கின்றன.
அவளுக்கு இது தெரியாது.
பின்னம் நன்றாகச் செய்வாள்.

நேற்றிரவு ஒன்பது நாற்பதுக்கு
சென்சர் முடிந்தது என்று போன் சொன்னது.
நான் கழற்றவில்லை.
இதை ஒட்டியிருக்கிற நாட்களில்தான்
இவர் உறங்குகிறார்.
ஐம்பத்தாறுக்கு இறங்கினால் அது கத்தும்,
எழும்பி குளுக்கோஸ் கரைக்கலாம்,
அதுவரை கண்ணை மூடலாம் என்று
அதை நம்பி உறங்குகிறார்.
விடிந்தால் துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டுகிறவர்.
உறங்கட்டும்.
செத்த வட்டத்தின்மேல் புதுப் பிளாஸ்ரர் ஒட்டிப் படுத்தேன்.

மூன்று மணியிருக்கும்.
தண்டவாளத்துக்கு அப்பால் கடல்
தன்பாட்டில் இரைந்துகொண்டிருந்தது.
என் பிடரியில் ஒரு உள்ளங்கை,
வியர்த்திருக்கிறதா என்று
மெல்லத் தடவிப் பார்க்கிறது.

நான் விழித்தது தெரிந்துவிட்டது.
"எத்தனை?" என்றார்.

பக்கத்தில் போன் இருட்டாய்க் கிடந்தது.
"நூற்றிருபது," என்றேன்.

"ம்ம். நல்லது," என்றார்.
கையை எடுக்கவில்லை.